துணைக்கு கனடா பிஆர், உங்களுக்குத் தற்காலிக விசா: எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

கணவனோ மனைவியோ கனடாவில் பிஆர், அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். நீங்கள் அங்கே படிப்பு பெர்மிட்டிலோ வேலை பெர்மிட்டிலோ விசிட்டராகவோ இருக்கிறீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆவணங்களைச் சேர்த்துக் கொடுக்க உதவியதில் ஒன்று புரிந்தது. எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஃபார்ம் போடணும்?" என்றுதான். ஃபார்ம் எட்டாவது படியில்தான் வரும். அதற்கு முந்தைய ஏழு படிகளை வரிசை மாற்றிச் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டணங்களும் கொள்கைகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் நாளில் ஐஆர்சிசி (கனடா குடிவரவுத் துறை) தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கியூபெக் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு மாகாண அரசின் தனி நடைமுறை கூடுதலாக உண்டு, அதை நான் இங்கே தொடவில்லை.

1. முதலில் உங்கள் பெர்மிட் முடியும் தேதியைப் பாருங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரின் தேதி வேறு, நாட்டுக்குள் தங்க அனுமதிக்கும் தேதி வேறு. ஸ்டிக்கர் உள்ளே நுழைவதற்கு. தங்குவதற்கான தேதி படிப்பு பெர்மிட்டிலோ வேலை பெர்மிட்டிலோ அச்சாகியிருக்கும். விசிட்டராகப் போனவர்களுக்கு அதிகாரி தனியாகத் தேதி எதுவும் போடவில்லை என்றால், நுழைந்த நாளிலிருந்து 6 மாதம். ஸ்டிக்கரில் இன்னும் நாலு வருஷம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து, 6 மாதத்தைத் தாண்டவிட்டவர்கள் நிறையப் பேர், அதுவும் மகள் பிரசவத்துக்குப் போன பெற்றோர் அதிகம்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், பிஆர் துணை இருப்பதாலோ ஸ்பான்சர்ஷிப் (துணை பொறுப்பேற்று உங்களுக்கு பிஆர் கேட்கும் விண்ணப்பம்) போட்டுவிட்டதாலோ உங்களுக்குத் தங்கும் உரிமை தானாக வந்துவிடாது. விண்ணப்பம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், பெர்மிட் இன்னொரு பக்கம் தீர்ந்துகொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

பெர்மிட் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு சட்டப்படி அங்கேயே இருக்கலாம். ஆனால் வேலை பெர்மிட்டில் இருந்தவர் மறுபடியும் வேலை பெர்மிட்டுக்கே விண்ணப்பித்திருந்தால்தான் வேலையைத் தொடரலாம். விசிட்டராகத் தங்கும் காலத்தை நீட்டும் விசிட்டர் ரெக்கார்டுக்குப் போட்டிருந்தால் தங்கலாம், பழைய பெர்மிட் தேதி முடிந்ததும் வேலையை நிறுத்திவிட வேண்டும். அந்த இடைவெளியில் நாட்டை விட்டு வெளியே போனாலும் வேலை உரிமை போய்விடும்.

தேதி தாண்டிவிட்டதா? 90 நாளுக்குள் ஸ்டேட்டஸை, அதாவது சட்டப்படி தங்கும் அனுமதியை, மீட்கக் கேட்கலாம். அந்த 90 நாளில் வேலையும் செய்யக்கூடாது, படிக்கவும் கூடாது. அதையும் தாண்டியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. கனடாவுக்குள் சேர்ந்து வாழும் துணைகளுக்கு ஸ்டேட்டஸ் இல்லாத குறையை மட்டும் மன்னிக்கும் ஒரு பொதுக் கொள்கை 2005லிருந்து இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் வேலை பெர்மிட்டை உடனே எதிர்பார்க்க முடியாது, மற்ற தகுதிக் குறைகளை அது மன்னிக்கவும் செய்யாது. இந்த நிலையில் இருப்பவர்கள் மேற்கொண்டு படிக்காமல் நேராக லைசென்ஸ் உள்ள வக்கீலிடம் போங்கள்.

பாஸ்போர்ட்டையும் இப்போதே பாருங்கள். பெர்மிட்டை பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் முடிகிறது என்றால் புதுப்பித்துவிட்டு அப்புறம் மற்ற வேலைகள்.

2. உங்கள் துணையால் ஸ்பான்சர் செய்ய முடியுமா?

பிஆர் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். அரசு உதவித்தொகையில் வாழக்கூடாது, உடல் ஊனத்துக்கான தொகைக்கு மட்டும் விலக்கு. திவாலாகி அதிலிருந்து விடுபடாமல் இருக்கக்கூடாது. துணையை ஸ்பான்சர் செய்ய இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற வரம்பு பொதுவாகக் கிடையாது. இதைத் தெரியாமல் சம்பளம் உயரட்டும் என்று ஒரு வருஷத்தை வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று இடங்களில் ஆட்கள் விழுகிறார்கள்.

ஒன்று, பிஆர் உள்ளவர் கனடாவுக்குள் வசிக்க வேண்டும். குடியுரிமை பெற்றவர் வெளிநாட்டில் இருந்தபடியே ஸ்பான்சர் செய்யலாம், பிஆர் உள்ளவரால் முடியாது. பெண்டாட்டிக்கு விசா வரும்வரை ஊரிலேயே கூட இருக்கிறேன் என்று ஆறு மாதம் நல்லேப்பிள்ளியில் வந்து தங்கினால், ஸ்பான்சர் தகுதியே கேள்விக்குறியாகிவிடும். 5 வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற பிஆர் நிபந்தனையும் தனியாகத் தேய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு, உங்கள் துணையே முன்பு வேறொருவரின் ஸ்பான்சர்ஷிப்பில் துணையாக வந்து பிஆர் வாங்கியவர் என்றால், பிஆர் ஆன நாளிலிருந்து 5 வருஷம் ஆகாமல் இன்னொரு துணையைக் கூப்பிட முடியாது.

மூன்றாவதுதான் ரொம்பக் கொடுமையானது. அவர் பிஆர் வாங்கும்போது உங்களைப் பற்றிச் சொன்னாரா? புள்ளிகளை வைத்து பிஆர் தரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சிங்கிள் என்று போட்டு, அழைப்பு வந்ததும் ஊருக்கு வந்து தாலி கட்டி, திரும்பிப் போய் அதைச் சொல்லாமலே பிஆர் முடித்தவர்கள் உண்டு. பிஆர் ஆன நாளில் துணையாக இருந்தும் அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத ஒருவரைப் பின்னால் குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது என்று கனடா குடிவரவு விதி 117(9)(டி) சொல்கிறது. உண்மையை மறைத்தார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து வரலாம், அப்போது அவருடைய பிஆருக்கே ஆபத்து. விதிவிலக்குகள் சில உண்டு, அதை வக்கீல்தான் பார்க்க வேண்டும். இன்னும் பிஆர் ஆகாதவர்களுக்கு ஒரே வார்த்தை: கல்யாணம் ஆனால் உடனே ஐஆர்சிசிக்குச் சொல்லுங்கள்.

இதே சிக்கல் உங்கள் பக்கமும் இருக்கலாம். படிப்பு விசா போட்டபோது ஏஜென்ட் சிங்கிள் என்று நிரப்பியிருந்து, கல்யாணத் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால், ஸ்பான்சர்ஷிப் போடும் அன்றைக்கு அது வெளியே வரும். பொய்த்தகவலுக்கு 5 வருஷத் தடை. நீங்கள் சொல்லித்தான் ஏஜென்ட் எழுதினாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், அது உங்கள் விண்ணப்பம். பழைய விண்ணப்பத்தின் நகலை ஏஜென்டிடம் கேட்டு வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே படித்துவிடுங்கள்.

3. கல்யாணம் காகிதத்தில் நிற்க வேண்டும்

கனடாவில் நிச்சயம் ஆனவர்களுக்கென்று தனி விசா கிடையாது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அல்லது இருவரும் 12 மாதம் இடைவிடாமல் ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் பெரும்பாலும் முதல் வகைதான்.

எல்லை ஊர்களுக்கே உரிய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பெண் வீடு கொழிஞ்சாம்பாறை, மாப்பிள்ளை வீடு உடுமலை, கல்யாண மண்டபம் பொள்ளாச்சி. எங்கே பதிவு செய்வது? கல்யாணம் நடந்த இடத்தை வைத்துத் தொடங்குங்கள். மண்டபம் கேரளப் பக்கம் என்றால் அந்த ஊர் பஞ்சாயத்து அல்லது நகராட்சிப் பதிவாளர். 2008ஆம் ஆண்டு கேரளத் திருமணப் பதிவு விதிகளின்படி 45 நாளுக்குள் பதிவது சுலபம், தாமதமானால் அபராதமும் கூடுதல் நடைமுறையும் சேரும். மண்டபம் தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம், 2009ஆம் ஆண்டு சட்டப்படி 90 நாள். ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு ஊர்க்காரர்களுக்கு 2002ஆம் ஆண்டு கட்டாயப் பதிவுச் சட்டம் இருக்கிறது. பெண் ஊரில் இருக்கும் தெரிந்த ஆளை வைத்து, மண்டபத்தின் இடத்தை மாற்றி எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்திரிகையில் பொள்ளாச்சி மண்டபம், சான்றிதழில் சித்தூர் கோயில் என்று இருந்தால் அதிகாரி எதை நம்புவார்?

ஒருவர் கனடாவில் இருக்க, போனிலோ வீடியோவிலோ நடந்த கல்யாணத்தை 2015 ஜூன் 11 முதல் ஏற்பதில்லை. இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும்.

மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டியவர்கள் கனடாவில் இது செல்லாதோ என்று பயந்து உறவை மறைக்கிறார்கள். மறைக்க அவசியமே இல்லை. கனடாவின் தடை நேர் வாரிசுகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும்தான். இந்து திருமணச் சட்டம் 1955, நெருங்கிய உறவைத் தடுத்தாலும் இரு தரப்புக்கும் வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது. பதிவுச் சான்றிதழை வைத்து, எங்கள் சமூகத்தில் இது தலைமுறை வழக்கம் என்று இரண்டு வரி விளக்கமும் எழுதிவிடுங்கள். மறைத்து, பின்னால் பெற்றோர் பெயர்ப் பட்டியலில் இரு பக்கமும் ஒரே தாத்தா வந்து நின்றால்தான் சந்தேகம் வரும்.

4. இரண்டு மாநில ஆவணங்களில் ஒரே பெயர்

பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில், மலையாளமும் ஆங்கிலமும். பத்தாம் வகுப்பு தமிழ் மீடியம், இனிஷியலோடு பெயர். கல்லூரி கோயம்புத்தூரில், அங்கே இனிஷியல் பின்னால் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது. கல்யாணச் சான்றிதழில் எழுத்தர் தன் விருப்பத்துக்கு ஒரு எழுத்தைக் கூட்டியிருக்கிறார். ஒரே பெண், ஐந்து பெயர்.

பாஸ்போர்ட் பெயரை அச்சாணியாக வையுங்கள். எல்லாப் படிவத்திலும் அதுவே. மற்ற ஆவணத்தில் வேறுபட்டால், வேறு பெயர்கள் என்று கேட்கும் கட்டத்தில் அத்தனையையும் எழுதுங்கள். கேரளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லும் ஒன் அண்ட் சேம் சான்றிதழை வில்லேஜ் ஆபீசரிடமிருந்து வாங்கலாம், அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். தமிழ்நாட்டுப் பக்கம் நோட்டரி உறுதிமொழிப் பத்திரம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரையும் படிவத்தின் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விடுங்கள். காலி இடத்தில் புள்ளி, கோடு, அப்பாவின் இனிஷியல் எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். பின்னால் பிஆர் அட்டையிலும் அதே ஏறி, டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் துரத்தும்.

5. மூன்று வழியில் எது உங்களுடையது?

இப்போதுதான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னவை தெரியாமல் தேர்ந்தெடுத்தால் நடுவழியில் மாற்ற வேண்டி வரும்.

உள்நாட்டு வகுப்பு என்பது இருவரும் கனடாவில் ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு. விண்ணப்பம் ஓடும் காலம் முழுக்கச் சேர்ந்து வாழ்வதுதான் இதன் உயிர். நடுவில் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து, திரும்பி நுழைய விசா கிடைக்காமல் போனால் விண்ணப்பமே விழுந்துவிடலாம். நிராகரித்தால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இதில் கிடையாது, 15 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டில் மறு ஆய்வு கேட்பது மட்டும்தான்.

குடும்ப வகுப்பு என்பதை ஊரில் அவுட்லேண்ட் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு, இந்தியாவில் இருந்தால்தான் போட முடியும் என்று நம்புகிறார்கள். அப்படியில்லை, கனடாவுக்குள் இருந்துகொண்டே இதில் போடலாம். போய் வரச் சுதந்திரம் உண்டு, நிராகரித்தால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முன்பெல்லாம் எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் ஓப்பன் வொர்க் பர்மிட்டுக்காகவே பலர் உள்நாட்டு வகுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் முதல், கனடாவில் ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் இருக்கும் குடும்ப வகுப்பு விண்ணப்பதாரர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. அதனால் என் கருத்து இது: உங்களுக்குச் செல்லுபடியான ஸ்டேட்டஸ் இருந்து, ஊரில் வயதான அப்பா அம்மா இருந்தால் குடும்ப வகுப்புதான் பாதுகாப்பு. ஸ்டேட்டஸ் போய்விட்டவர்களுக்கு உள்நாட்டு வகுப்பு, ஏனென்றால் அந்த 2005 கொள்கை அங்கேதான் பொருந்தும். இரண்டு வகுப்புக்கும் நடப்பில் உள்ள காத்திருப்புக் காலத்தை ஐஆர்சிசி தளத்தில் ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், வித்தியாசம் சில சமயம் பெரிதாக இருக்கும்.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்களே கனடாவில் திறன்சார் வேலையில் ஒரு வருஷம், அதாவது 1,560 மணிநேரம் வேலை செய்திருந்தால், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சொந்தக் காலில் போகலாம். துணை ஏற்கெனவே பிஆர் என்றால் உங்களுக்குத் தனியாள் கணக்கில்தான் புள்ளி போடுவார்கள், துணையின் படிப்பும் ஆங்கிலமும் புள்ளியைக் குறைக்காது. படிவத்தில் மணமானவர் என்றே உண்மையை எழுதி, துணை பிஆர் என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்கான ஆஃபர் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளிகளை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயம்: 2025 ஜனவரி 21 முதல் மாணவர்கள், தற்காலிக வேலைக்காரர்கள் ஆகியோரின் துணைகளுக்குத் தரும் ஓப்பன் வொர்க் பர்மிட்டைச் சுருக்கினார்கள். அது தற்காலிக விசாக்காரரின் துணைக்கு. உங்கள் துணை பிஆர், உங்களுக்கு அது பொருந்தாது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அம்மாக்கள் போன் போட்டு "ஏனுங்க தம்பி, இனி வேலை பர்மிட்டே குடுக்க மாட்டாங்களாமா?" என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம்.

6. உறவு உண்மை என்று காட்டுவது

அதிகாரி பார்ப்பது இரண்டு. இந்த உறவு நிஜமா, பிஆருக்காகவே கட்டியதா. இதில் எது தவறினாலும் நிராகரிப்புதான். ஐஎம்எம் 5532 என்ற படிவம் முழுக்க இதற்குத்தான். எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள், விழாவுக்கு யார் வந்தார்கள், இரு வீட்டாருக்கும் தெரியுமா என்றெல்லாம் கேட்கும்.

பேசி முடித்த கல்யாணத்தைக் கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கள். எந்தத் தரகர் ஜாதகம் கொண்டுவந்தார், பெண் பார்க்க எந்த மாதம் வந்தார்கள், நிச்சயம் யார் வீட்டில், அதற்குப் பிறகு இருவரும் போனில் பேசத் தொடங்கியது எப்போது. காதலித்துக் கட்டியதாகக் காட்டினால்தான் வெள்ளைக்காரருக்குப் புரியும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு, இல்லாத காதல் கதையை எழுதிய ஜோடியை எனக்குத் தெரியும். நேர்காணலில் இருவரும் முதல் சந்திப்பை இரண்டு விதமாகச் சொன்னார்கள். நம் ஊர் வழக்கம் அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

தெரியும் என்பதால்தான் வழக்கத்திலிருந்து விலகிய இடத்தைக் கவனிப்பார்கள். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். உங்கள் கல்யாணத்துக்கு இருபது பேர்தான் வந்தார்கள் என்றால் காரணத்தை எழுதுங்கள். வீட்டில் ஒரு சாவு நடந்து வருஷம் திரும்பாததால் கோயிலில் எளிமையாக முடித்தோம், மாப்பிள்ளைக்கு லீவு இரண்டு வாரம்தான் கிடைத்தது, வேறு சாதி என்பதால் ஒரு வீட்டார் வரவில்லை, எதுவானாலும் சரி. எழுதாமல் விட்டால் அதிகாரி தானாக ஒரு காரணத்தை ஊகிப்பார். வயது வித்தியாசம் அதிகம், பெண் மூத்தவள், இருவரில் ஒருவருக்கு இது மறுமணம், பார்த்த பத்து நாளில் கல்யாணம், இவற்றுக்கும் இதேதான்.

போட்டோ விஷயத்தில் ஆல்பம் முழுவதையும் ஏற்றாதீர்கள். செக்லிஸ்ட் 20 போட்டோவரை கேட்கிறது, பேசிய செய்திகளுக்கு 10 பக்கம். மண்டப மேடையில் எடுத்த இருபதும் ஒரே நாள் உடையில் இருந்தால் ஒரு போட்டோவுக்குச் சமம்தான். நிச்சயம், முகூர்த்தக்கால், தாலி கட்டு, மறுவீடு, பொங்கலுக்கு வந்தது, அங்கே ஒரு பிறந்தநாள், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூட நின்றது, இப்படிக் காலம் பரவியிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், நிற்பவர்களின் பெயரும் உறவும்.

மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யார் வந்தார்கள், எந்த ஊர், எவ்வளவு எழுதினார்கள் என்று அன்றைக்கே பேனாவால் வரிசையாக எழுதிய ஒரு பக்கம், மண்டப ரசீது, சமையல்காரர் பில், எல்லாம் நல்ல சாட்சி. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மொழிபெயர்த்து வைத்தால் போதும். கனடாப் பக்கத்துச் சாட்சிகளுக்கு வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வரும் போன் பில், இன்ஷூரன்சில் நாமினி, கனடா வருமான வரிக் கணக்கில் மணமானவர் என்ற பதிவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். கல்யாணம் ஆகியும் சிங்கிள் என்று வரி தாக்கல் செய்திருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

7. நேரம் பிடிக்கும் காகிதங்கள்

18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருஷத்தில் கனடா தவிர எந்த நாட்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தீர்களோ அந்த நாட்டின் போலீஸ் சான்று வேண்டும். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவா வழியாகப் பிசிசி, கனடாவில் இருந்தால் இந்தியத் தூதரக விண்ணப்ப மையம் வழியாக. வளைகுடாவில் நர்ஸாகவோ டிரைவராகவோ இருந்துவிட்டுக் கனடா போனவர்கள் இங்கே அதிகம். அந்த நாட்டின் சான்றை வெளியிலிருந்து வாங்குவதுதான் இருப்பதிலேயே மெதுவான வேலை, அதனால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத எந்த ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். கனடாவில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால், செய்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் மூலத்தின் சான்றளித்த நகலும் கூட வேண்டும். மலையாளம் தெரிந்த சித்தப்பா மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், குடும்பத்தார் செய்யக்கூடாது. ஓரத்தில் இருக்கும் முத்திரை வாசகம் வரை எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

மெடிக்கலை ஐஆர்சிசி பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும். துணை வகுப்பில், உங்கள் நோய்க்குச் செலவாகும் என்ற காரணத்துக்காக நிராகரிக்க மாட்டார்கள், ஆகவே சர்க்கரை, இதய நோய் எதையும் மறைக்காதீர்கள்.

8. படிவமும் பணமும்

பிஆர் போர்ட்டலில் கணக்குத் திறக்க வேண்டியது விண்ணப்பதாரரான நீங்கள், ஸ்பான்சர் அல்ல. இதிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். முக்கியமானவை ஐஎம்எம் 1344 ஸ்பான்சர் விண்ணப்பமும் உறுதிமொழியும், 5532 உறவு விவரம், 0008 பொது விண்ணப்பம், 5669 பின்னணி விவரம், 5406 குடும்ப விவரம், 5533 செக்லிஸ்ட். ஸ்பான்சர் தரும் உறுதிமொழி துணைக்கு 3 வருஷம், பிரிந்தாலும் ரத்தாகாது, அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

5669இல் 10 வருஷத்துக்கு ஒரு மாதம்கூட இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். படிப்பு முடிந்து வேலை தேடி வீட்டில் இருந்த காலத்தையும் வேலையில்லை என்று எழுத வேண்டும். சொந்தத் தோப்பில் அப்பாவோடு தென்னை பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் எழுதலாம். 5406இல் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பகுதியில் உடன்பிறந்தவர்களை மட்டும் போடுங்கள். அண்ணன் என்று கூப்பிடுவதால் பெரியப்பா மகனையும் சேர்த்துவிட்டு, பழைய விசா விண்ணப்பத்தோடு எண்ணிக்கை ஒத்துப்போகாமல் விளக்கக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

2024 ஏப்ரல் திருத்தத்தின்படி கட்டணம் ஸ்பான்சருக்கு 85, விண்ணப்பத்துக்கு 545, பிஆர் உரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205 டாலராக இருந்தது. கைரேகைக்கு 85 தனி. பிஆர் உரிமைக் கட்டணத்தைப் பின்னால் கட்டலாம் என்றாலும் முதலிலேயே கட்டிவிடுங்கள், கடைசியில் அதற்காக ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் முழு விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வரிசையில் நின்ற காலம் கணக்கில் வராது. அனுப்பும் முன் இருவரும் தனித்தனியாக ஒருமுறை செக்லிஸ்ட்டோடு ஒப்பிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, கனடா வக்கீல் சங்கத்தில் பதிவுள்ள வக்கீல் அல்லது பாராலீகல், கியூபெக் நோட்டரி, ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவர், இவர்களுக்குத்தான் அனுமதி. பாலக்காட்டிலோ திருப்பதியிலோ பெரிய போர்டு வைத்திருப்பதால் அந்த அனுமதி வந்துவிடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கல்லூரியின் பொதுப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். சொந்தக்காரர் காசு வாங்காமல் உதவுவதில் தவறில்லை.

9. ஓப்பன் வொர்க் பர்மிட்

விண்ணப்பம் கிடைத்தது என்ற ஒப்புகைக் கடிதம் வந்ததும் இதற்குப் போடுங்கள். அந்தக் கடிதம், செல்லுபடியான ஸ்டேட்டஸ், ஸ்பான்சரோடு ஒரே முகவரி, மூன்றும் வேண்டும். கட்டணம் 155, அதோடு ஓப்பன் பெர்மிட்டுக்கு 100. ஒப்புகை வருவதற்குள் உங்கள் பெர்மிட் முடிகிறது என்றால், முதல் படியில் சொன்ன நீட்டிப்பைத் தேதிக்கு முன்பே போட்டு ஸ்டேட்டஸைக் காப்பாற்றுங்கள். பிஆருக்கு விண்ணப்பித்திருப்பதாலேயே தற்காலிக நீட்டிப்பை மறுக்க முடியாது, கனடா குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு இரண்டு நோக்கமும் சேர்ந்திருக்க இடம் கொடுக்கிறது.

அமெரிக்க எல்லைக்குப் போய்த் திரும்பி அதே நாளில் பெர்மிட் வாங்கும் பழைய வழியைச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. 2024 டிசம்பர் 23 முதல் அது நின்றுவிட்டது.

10. காத்திருக்கும்போதும், முடிந்த பிறகும்

முகவரி, பாஸ்போர்ட், வேலை எது மாறினாலும் இணையப் படிவத்தில் தெரிவியுங்கள். கைரேகைக் கடிதமும் மெடிக்கல் கடிதமும் 30 நாள் கெடுவோடு வரும், மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். குழந்தை பிறந்தால் நீங்கள் பிஆர் ஆகும் முன்பே சொல்லிவிட வேண்டும், இந்தியாவில் பிறந்து பாட்டி வீட்டில் இருந்தாலும்கூட. இரண்டாவது படியில் சொன்ன அதே 117(9)(டி) இந்தக் குழந்தை மேலும் பாயும்.

துணை நடுவில் குடியுரிமை வாங்கினால் விண்ணப்பத்துக்குக் கெடுதல் இல்லை, நகலை அனுப்பிவிட்டால் போதும். பிரிவு ஏற்பட்டால் அதையும் சொல்லியாக வேண்டும். பிஆர் வந்த பிறகு இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். வீட்டில் அடி உதை இருந்தும் பிஆர் போய்விடுமே என்று பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிஆர் உறுதியானதும் 9இல் தொடங்கும் தற்காலிக சின் (சமூகக் காப்பீட்டு) எண்ணைக் கொடுத்து நிரந்தர எண்ணை வாங்கி, வேலை இடத்திலும் வங்கியிலும் மாற்றுங்கள். பிஆர் அட்டை கைக்கு வரும்வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள், அதுவோ பிஆர் பயண ஆவணமோ இல்லாமல் கனடாவுக்குத் திரும்பும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.